ஒன்பது எண்கள்: பாஸ் கணக்கெடுப்பு பேரண்டத்தின் விரிவையும் வளர்ச்சியையும் பிரித்தெடுத்த விதம்

2016 ஜூலையில், கேலக்சிகளின் முப்பரிமாண வரைபடம் போட்ட பாஸ் (BOSS) கணக்கெடுப்புக் குழு தன் இறுதி முடிவுகளை வெளியிட்டது. 9,329 சதுர பாகை வானப்பரப்பு, ஏறக்குறைய 12 லட்சம் கேலக்சிகள், 2009 முதல் 2014 வரை நீண்ட இரவுப் பணி. இத்தனையும் கடைசியில் ஒன்பது எண்களில் வந்து நின்றன. பேரண்ட வரலாற்றில் மூன்று கட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகளைத் தந்தார்கள்: அதுவரையிலான தொலைவு, அப்போதைய விரிவு வீதம், அப்போது கட்டமைப்பு, அதாவது பொருளின் கொத்துகள், வளர்ந்த வேகம்.

இந்த மூன்று அளவுகளும் ஒரே வரைபடத்திலிருந்து வந்தவை. தனித்தனிக் கருவி எதுவும் கிடையாது. அதிலும் விரிவும் வளர்ச்சியும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நெளிவைத்தான் உண்டாக்குகின்றன. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே நெளிவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கும்போது, எது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தார்கள்? பிரித்ததற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

முதலில், ஏன் பிரிக்க வேண்டும் என்பது. விரிவு வேகமெடுத்து வருகிறது என்பதை 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்த நட்சத்திரங்கள், காட்டின. இதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்லலாம். இருண்ட ஆற்றல் என்று ஒன்று வெளியெங்கும் நிறைந்திருக்கிறது என்பது ஒன்று. பெரிய தொலைவுகளில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியே கொஞ்சம் மாறுகிறது என்பது இன்னொன்று. விரிவை மட்டும் அளந்தால் இந்த இரண்டையும் ஒரே வளைகோட்டில் பொருத்திவிட முடியும். ஆனால் பொருள் ஒன்றுகூடிக் கொத்தாக வளரும் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுச் சார்பியல் சரி என்றால், வளர்ச்சி வீதம் அந்தக் காலத்துப் பொருள் அடர்த்திப் பங்கின் 0.55 அடுக்குக்கு மிக அருகில் இருக்க வேண்டும். விரிவைத் தெரிந்துகொண்டால் வளர்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிறகு அதைத் தனியாக அளந்து ஒப்பிட வேண்டியதுதான்.

தகடும் ஒளியிழையும்

கருவி நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் ஆய்வகத்தில் உள்ள 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கி. இன்றைய கணக்கில் அது சிறியது. ஆனால் பாஸ் நாட்களில் அது ஒரே நேரத்தில் ஆயிரம் நிறமாலைகளை எடுத்தது. எந்தெந்தக் கேலக்சியைப் பார்ப்பது என்று ஏற்கெனவே எடுத்த படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, அவற்றின் இடங்களுக்குப் பொருந்தும்படி ஓர் அலுமினியத் தகட்டில் ஆயிரம் துளைகள் போடுவார்கள். பகலில் பணியாளர்கள் ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். இன்ன இழை இன்ன துளைக்கு என்ற கட்டாயம் இல்லை. செருகி முடித்ததும் இழைகள் வழியே ஒளியை அனுப்பி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு கருவி குறித்துக்கொள்ளும். இரவில் அந்தத் தகடு தொலைநோக்கியில் ஏறும். பெரும்பாலான இழைகள் கேலக்சிகளைப் பார்க்க, சில இழைகள் வெறும் வானத்தையும் சில இழைகள் ஒளியளவு தெரிந்த நட்சத்திரங்களையும் பார்க்கும். வானத்தின் சொந்த ஒளியைக் கழிக்கவும், அளவைச் சீர்ப்படுத்தவும் அவை தேவை.

இலக்கு பெரும்பாலும் வயதான, கனமான, சிவந்த கேலக்சிகள். அவற்றின் நிறமாலையில் 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கத்தில் ஒரு செங்குத்தான படி இருக்கும். அந்தப் படி 6000 ஆங்ஸ்ட்ராமில் தென்பட்டால் அலைநீளம் பாதி பங்கு நீண்டிருக்கிறது, அதாவது செம்பெயர்ச்சி 0.5 என்று சொல்லிவிடலாம். கால்சியம் ஒளியை விழுங்கியதால் வரும் இரண்டு இருண்ட கோடுகளும் சேர்ந்து அதை உறுதிசெய்யும்.

இந்தச் செம்பெயர்ச்சியைத்தான் தொலைவாக மாற்றி முப்பரிமாண வரைபடம் போடுகிறோம். இங்கேதான் சிக்கல் நுழைகிறது. செம்பெயர்ச்சியில் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று பேரண்டத்தின் விரிவால் வந்தது. மற்றது அந்தக் கேலக்சி பக்கத்து ஈர்ப்பில் இழுபட்டுத் தானாக ஓடும் வேகத்தால் வந்தது. இந்தச் சொந்த வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். நொடிக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தால், செம்பெயர்ச்சி 0.5 அருகில் அந்தக் கேலக்சி வரைபடத்தில் தன் உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 5 மெகாபார்செக், அதாவது 1.6 கோடி ஒளியாண்டு தள்ளிப் புள்ளியாகும். தள்ளுவது நம் பார்வைக்கோட்டின் திசையில் மட்டும். குறுக்கே அணுவளவும் தள்ளாது.

48 கோடி ஒளியாண்டு வளையம்

பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பேரண்டம் ஒளியும் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்த சூடான குழம்பாக இருந்தது. அதில் அடர்த்தி அதிகமான ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஓர் ஒலியலை, ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில், கோளமாகப் பரவியது. குழம்பு குளிர்ந்து ஒளி விடுபட்டதும் அலை நின்றுவிட்டது. நின்ற இடத்தில் பொருள் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது. இன்றைய அளவில் அந்தக் கோளத்தின் ஆரம் சுமார் 147 மெகாபார்செக், அதாவது 48 கோடி ஒளியாண்டு. பீபிள்ஸ், யூ ஆகியோரும், தனியாக சுன்யாயெவ், செல்டோவிச் ஆகியோரும் 1970இலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார்கள். கேலக்சிகளில் அது தெளிவாகத் தென்பட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஸ்லோன் குழு 46,748 சிவந்த கேலக்சிகளைக் கொண்டும், ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் நடந்த 2டிஎஃப் குழு தன் தரவைக் கொண்டும் அதைக் கண்டன.

சமிக்ஞை மிகவும் மெலிது. ஒரு கேலக்சியிலிருந்து 147 மெகாபார்செக் தள்ளி இன்னொரு கேலக்சி இருக்கும் வாய்ப்பு, தற்செயலாக இருப்பதைவிட ஒரு சதவீதம் போல்தான் கூடுதல். அந்தக் கோளம் வானத்தில் வளையமாகத் தெரிய வேண்டும், ஆனால் எந்த ஒரு வளையத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. கோடிக்கணக்கான ஜோடிகளைத் தொலைவுவாரியாக எண்ணினால்தான் 147 மெகாபார்செக்கில் அந்தக் கூடுதல் ஒரு மேடாக எழும். பாஸுக்கு லட்சக்கணக்கில் கேலக்சிகள் வேண்டியிருந்தது இதனால்தான்.

செம்பெயர்ச்சி 0.51 கட்டத்தில் இந்த வளையம் எப்படி அளவுகோலாகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். வானத்தின் குறுக்கே அதன் ஆரம் சுமார் 4.3 பாகை. முழுநிலவை எட்டு தடவைக்கு மேல் வரிசையாக அடுக்கினால் வரும் அகலம். பாஸ் தன் கணக்கில் எடுத்துக்கொண்ட 147.8 மெகாபார்செக் நீளம் 4.3 பாகையாகத் தெரிகிறது என்றால் அது இருக்கும் தொலைவு 1,977 மெகாபார்செக். இது குறுக்கு அளவு. அதே வளையம் பார்வைக்கோட்டின் திசையில் செம்பெயர்ச்சி வித்தியாசமாகத் தெரியும்: சுமார் 0.0446. ஒளியின் வேகத்தை அதனால் பெருக்கி 147.8ஆல் வகுத்தால் ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 90.4 கிலோமீட்டர் கிடைக்கும். ஏறக்குறைய 520 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பேரண்டம் விரிந்த வீதம் அது. ஒரே அளவுகோலைக் குறுக்கே வைத்தால் தொலைவு வருகிறது, நெடுக வைத்தால் விரிவு வீதம் வருகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காத கணக்கு.

அளவுகோலின் விளிம்பு மங்கலாக இருப்பதுதான் தொல்லை. வளையத்தில் தங்கிய கேலக்சிகள் அதன்பின் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஈர்ப்பில் இழுபட்டு அங்குமிங்கும் நகர்ந்துவிட்டன. அதனால் மேடு அகலமாகிவிட்டது. 2007இல் வானியலாளர் டேனியல் ஐசன்ஸ்டைனும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். இப்போதைய வரைபடத்திலிருந்தே ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கேலக்சியையும் அது கிளம்பிய இடத்தை நோக்கிப் பின்னால் தள்ளுவது. நிகில் பத்மநாபன் தலைமையில் 2012இல் இதை முந்தைய ஸ்லோன் தரவில் செய்துபார்த்தபோது, தொலைவின் பிழை 3.5 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாக இறங்கியது. புதிதாக ஒரு கேலக்சியைக்கூட அளக்காமல் கிடைத்த லாபம். பாஸ் இதே முறையைத்தான் கைக்கொண்டது.

வட்டம் நசுங்குவதற்கு இரண்டு காரணங்கள்

கேலக்சிகளின் பரவலுக்குச் சிறப்பான திசை எதுவும் இருக்க முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சராசரி கொத்தல் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படி இல்லை. பார்வைக்கோட்டின் திசையில் அது நசுங்கியிருக்கிறது.

முதல் காரணத்தை நிக் கைசர் 1987இல் கணக்காக்கினார். ஒரு பெரிய கொத்தை நோக்கிச் சுற்றுப்புறக் கேலக்சிகள் விழுந்துகொண்டிருக்கின்றன. நம் பக்கம் இருப்பவை நம்மைவிட்டு விலகி அதை நோக்கி ஓடுகின்றன; அதனால் செம்பெயர்ச்சி கூடி, தூரத்தில் இருப்பதுபோல் தெரிகின்றன. அந்தப் பக்கம் இருப்பவை நம்மை நோக்கி வருகின்றன, கிட்டத்தில் தெரிகின்றன. இரண்டும் சேர்ந்து கொத்தைத் தட்டையாக்குகின்றன. எவ்வளவு வேகமாக விழுகின்றனவோ அவ்வளவு நசுங்கல். ஆக நசுங்கலை அளந்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். கொத்தின் உள்ளே மட்டும் கதை தலைகீழ். அங்கே கேலக்சிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றுவதால், கொத்து நம்மை நோக்கி நீண்ட விரலாக இழுபட்டுத் தெரியும். இதற்குக் கடவுளின் விரல்கள் என்று பெயர்.

இரண்டாவது காரணம் 1979இல் அல்காக்கும் பச்சின்ஸ்கியும் சொன்னது. செம்பெயர்ச்சியைத் தொலைவாக மாற்ற ஒரு விரிவு வரலாற்றை நாம் முதலில் ஊகித்துக்கொள்கிறோம். ஊகம் தவறென்றால் நெடுக்கும் குறுக்கும் வெவ்வேறு விகிதத்தில் மாறி, உருண்டையானது நீள்வட்டமாகிவிடும். யாரும் எங்கும் விழாமலேயே வரைபடம் நசுங்கிவிடும்.

இந்த இரண்டு நசுங்கலையும் பிரித்துக் கொடுப்பது அந்த வளையம். விரிவு பற்றிய ஊகம் தவறினால் வளையத்தின் மேடே இடம் மாறும்: குறுக்கே ஓரிடத்திலும் நெடுக வேறோரிடத்திலும் நிற்கும். சொந்த வேகங்கள் அப்படிச் செய்வதில்லை. அவை கொத்தலின் வலிமையைத் திசைக்குத் திசை மாற்றுகின்றன. 147 மெகாபார்செக்கில் நிற்கும் மேட்டை அசைப்பது சொற்பம். ஆகவே மேட்டின் இடத்தை வைத்து விரிவைத் தீர்த்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நசுங்கலை வளர்ச்சியின் கணக்கில் எழுதலாம்.

இன்னொரு தடையும் உண்டு. கேலக்சிகள் பொருளின் நேரடிப் பிரதி கிடையாது. கனமான சிவப்புக் கேலக்சிகள் அடர்ந்த இடங்களில் கூடுதலாகக் குவியும். இந்தச் சார்பு எவ்வளவு என்று நமக்கு நேராகத் தெரியாது. கொத்தலின் வலிமையில் அது பெருக்கலாக வருகிறது. நசுங்கலின் அளவில் வகுத்தலாக வருகிறது. இரண்டையும் பெருக்கினால் அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது வளர்ச்சி வீதமும் பொருளின் ஏற்ற இறக்க அளவும் சேர்ந்த ஒரு பெருக்கற்பலன். இந்தத் துறையில் எஃப்-சிக்மா-8 என்று சொல்வது இதைத்தான். வளர்ச்சி வீதத்தைத் தனியாகச் சொல்லாமல் இந்தக் கூட்டுப் பெயரிலேயே எல்லாரும் வெளியிடுவதற்குக் காரணம் இதுவே.

விகிள்ஸ் காட்டிய விலை

பாஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் விகிள்ஸ் கணக்கெடுப்பு நடந்தது. அது எடுத்தது எதிர் வகைக் கேலக்சிகள்: புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் நீல நிறத்தவை, சுமார் 2 லட்சம். பிரிப்பதன் விலை எவ்வளவு என்று தெரிய அதன் இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

2011இல் விரிவு வரலாறு இன்னதுதான் என்று நிலைப்படுத்திக்கொண்டு வளர்ச்சியை மட்டும் அளந்தார்கள். செம்பெயர்ச்சி 0.6இல் எஃப்-சிக்மா-8 0.43, பிழை 0.04. அடுத்த ஆண்டு கிறிஸ் பிளேக் தலைமையில் விரிவையும் வளர்ச்சியையும் இரண்டையும் தெரியாதவையாக விட்டு, சேர்த்தே அளந்தார்கள். அதே 0.6இல் 0.390, பிழை 0.063. இரண்டிலும் தரவைக் கூறுபோட்ட விதம் கொஞ்சம் வேறு என்றாலும், பிழை ஒன்றரை மடங்கானது முக்கியமாக அந்தச் சுதந்திரத்தால்தான். கூடவே அதே கட்டத்தின் விரிவு வீதமும் வந்தது: 87.9, பிழை 6.1.

பிழை சின்னதாக இருப்பதே நல்ல அளவீடு என்று பார்த்தால் 2011 முடிவுதான் மேல். எனக்கு 2012 முடிவுமேல்தான் மதிப்பு அதிகம். ஈர்ப்பு விதியைச் சோதிக்க வேண்டிய ஓர் அளவீட்டில், பொதுச் சார்பியலையும் இருண்ட ஆற்றலையும் வைத்துக் கட்டிய வழக்கமான பேரண்ட மாதிரியின் விரிவை முன்கூட்டியே சரியென்று எடுத்துக்கொண்டால், எதைச் சோதிக்கிறோமோ அதில் பாதியை ஏற்றுக்கொண்டு ஆரம்பிக்கிறோம். இப்படிப்பட்ட புள்ளிகளை வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து பொறுக்கி ஒரே படத்தில் போட்டு வளைகோடு பொருத்துவது இன்றும் நடக்கிறது. எந்தப் புள்ளி விரிவை நிலைப்படுத்தி வந்தது, எது சேர்த்து அளந்து வந்தது என்று பார்க்காமல் செய்தால் அந்தப் பொருத்தத்துக்கு அர்த்தம் குறைவு. பாஸ் அந்த ஒன்பது எண்களோடு, எந்த எண் எதனோடு எவ்வளவு சேர்ந்து ஆடும் என்ற ஒன்பதுக்கு ஒன்பது அட்டவணையையும் வெளியிட்டது. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டவணையை விட்டுவிட்டால் அளவீட்டில் பாதி போயிற்று.

வரைபடத்தின் கறைகள்

நம் பால்வழியின் நட்சத்திரங்கள் அடர்ந்த திசைகளில் பாஸுக்குக் கிடைத்த கேலக்சிகள் குறைவாக இருந்தன. மங்கலான கேலக்சிகளில் இது கூடுதல். 500 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்சிகளுக்கு நம் பால்வழி எங்கே அடர்த்தி என்று தெரிய வழியில்லை. ஆக இது முழுக்க நம் படங்களின் குறை. முன்னால் நிற்கும் நட்சத்திரத்தின் ஒளி பின்னாலிருப்பதை மறைத்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் மிகப் பெரிய அளவுகளில் பொய்யான கொத்தல் முளைத்துவிடும். ஆஷ்லி ராஸும் குழுவினரும் இதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கேலக்சிக்கும் அதன் திசையின் நட்சத்திர அடர்த்தியையும் அதன் சொந்த மங்கலையும் பொறுத்து ஓர் எடை கொடுத்தார்கள். பாஸ் தரவில் இருந்த பிழைகளிலேயே பெரியது இதுதான்.

இன்னொரு குறை தகட்டிலேயே இருந்தது. ஒளியிழையின் முனைக்குக் கொஞ்சம் தடிமன் உண்டு. அதனால் 62 விகலைக்குள் (ஒரு பாகையில் 3,600 விகலைகள்) இருக்கும் இரண்டு கேலக்சிகளுக்கு ஒரே தகட்டில் இழை செருக முடியாது. இப்படி ஐந்து, ஆறு சதவீதம் விடுபட்டன. விடுபட்டவை எல்லாம் நெரிசலான இடங்களில் இருப்பவை. வளர்ச்சியின் தடயம் பலமாக இருப்பதும் அங்கேதான். பக்கத்துக் கேலக்சிக்கு இரட்டை எடை கொடுத்து ஈடுகட்டினார்கள். பெரிய அளவுகளுக்கு அது போதும், சிறிய அளவுகளுக்குப் போதாது.

ஒன்பது எண்கள்

சொந்த வேகங்களின் நசுங்கலைக் கணிக்க நான்கு குழுக்கள் நான்கு வெவ்வேறு கணித மாதிரிகளோடு அதே வரைபடத்தை ஆராய்ந்தன. ஆயிரக்கணக்கான போலி வரைபடங்களைக் கணினியில் உருவாக்கி, அவற்றில் முறைகளைச் சோதித்துப் பிழைகளைக் கணக்கிட்டு, பிறகு எல்லா முடிவுகளையும் ஒன்றாக்கினார்கள்.

செம்பெயர்ச்சி 0.38, 0.51, 0.61. தொலைவு 1518, 1977, 2283 மெகாபார்செக். பிழை ஒன்றரை சதவீதத்துக்குள். விரிவு வீதம் 81.5, 90.4, 97.3, பிழை இரண்டு சதவீதம் சொச்சம். எஃப்-சிக்மா-8 0.497, 0.458, 0.436, பிழை எட்டு, ஒன்பது சதவீதம். மூன்றையும் சேர்த்தால் வளர்ச்சியின் துல்லியம் ஆறு சதவீதத்துக்கு வந்தது. குழம்பிலிருந்து விடுபட்ட அந்த ஒளியின் எச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து பிளாங்க் செயற்கைக்கோள் கணித்த வரலாற்றோடு எல்லாமே ஒத்துப்போயின. பொதுச் சார்பியலிலிருந்து விலகல் எதுவும் தென்படவில்லை. பிளாங்க், சூப்பர்நோவா தரவுகளோடு சேர்த்தபோது இன்றைய விரிவு வீதம், அதாவது ஹபிள் மாறிலி, 67.3, பிழை 1.0 என்று வந்தது. அதே 2016இல் ஆடம் ரீஸ் குழு அருகிலுள்ள நட்சத்திரங்களை வைத்து அளந்தது 73.24. அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தரவு எல்லாருக்கும் திறந்திருந்ததால், 2019இல் வேறு குழுக்கள் அதே வரைபடத்தைப் புதிய கோட்பாட்டு முறையால், வளையத்தை மட்டும் பார்க்காமல் கொத்தலின் முழு வடிவத்தையும் பொருத்தி ஆராய்ந்தன. ஹபிள் மாறிலி 67.9 என்று பழைய இடத்திலேயே நின்றது. பொருளின் ஏற்ற இறக்க அளவான சிக்மா-8 மட்டும் 0.721 என்று, பிளாங்க் சொன்ன 0.81ஐவிடக் கீழே இறங்கியது. பலர் இதைப் புதிய இயற்பியலின் அறிகுறியாக வாசித்தார்கள். பிறகு தெரிந்தது: பொதுவில் கிடைத்த தரவில், கொத்தலின் அளவையும் கணக்கெடுப்பின் எல்லை வடிவத்தையும் இயல்பாக்கிய விதம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ததும் குறைவில் ஒரு பகுதி கரைந்தது. விரிவுக்கு இந்தப் பிரச்சினை வரவே இல்லை. மேடு எங்கே நிற்கிறது என்பதை இயல்பாக்கல் தொடாது. மேடு எவ்வளவு உயரம் என்பதைத்தான் தொடும். வளர்ச்சியின் அளவீடு முழுக்க அந்த உயரத்தை நம்பியிருக்கிறது.

2021 மே மாதம் அரிசோனாவின் கிட் பீக்கில் தொடங்கிய டெசி கணக்கெடுப்பில் கையால் செருகும் தகடு போய், 5,000 ஒளியிழைகளை நகர்த்தும் சிறு ரோபோக்கள் வந்துவிட்டன. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு முடிவை இழுத்துவிடக் கூடாது என்று, கேலக்சிகளின் செம்பெயர்ச்சிகளையே ரகசியமாகக் கொஞ்சம் மாற்றி, விரிவும் வளர்ச்சியும் தவறாக வரும்படி செய்துவைத்து, முறைகள் எல்லாம் இறுதியான பிறகே உண்மைத் தரவைத் திறந்தார்கள். இரண்டு அளவுகளும் எளிதில் ஒன்றுக்குள் ஒன்று கசியும் ஒரு வேலையில் இதைவிட நல்ல முன்னெச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆண்டுத் தரவிலேயே வளையத்தின் மொத்தத் துல்லியம் 0.52 சதவீதம் ஆனது. 2024 நவம்பரில் 47 லட்சம் கேலக்சிகள், குவேசார்களின் (மிகப் பிரகாசமான கேலக்சி மையங்கள்) முழு வடிவப் பகுப்பாய்வு வந்தது: சிக்மா-8 0.842, பிழை 0.034. நான்கு சதவீதம். பிளாங்கோடு ஒத்துப்போகிறது. பாஸிலிருந்து டெசிக்கு வரும்போது விரிவின் துல்லியம் பாய்ந்த அளவுக்கு வளர்ச்சியின் துல்லியம் பாயவில்லை. கேலக்சிகளை இன்னும் பல மடங்கு எண்ணினாலும் அது தானாகச் சரியாகாது. கொத்துகளின் விளிம்பில், கைசரின் நேரான கணக்கு முடிந்து கடவுளின் விரல்கள் தொடங்கும் 10, 20 மெகாபார்செக் இடைவெளியில், கேலக்சிகள் எப்படி நகர்கின்றன என்பதை மாதிரிகள் எவ்வளவு நம்பகமாகச் சொல்கின்றனவோ அவ்வளவுதான் அது முன்னேறும்.